வெட்டத் தெரிந்த கை

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு ஏற்றுமதி செய்த எங்கள் கம்பெனியில், எழுபதுகளில் வெளிநாட்டுத் தந்திகளை எழுதியவர் சிகாபுதீன் பாய். தந்தியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் கட்டணம். மானேஜர் மூச்சுவிடாமல் சொல்வதை பாய் ஒரே வரியாக வெட்டிவிடுவார். மானேஜருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். அந்தப் பல்லைத் தவிர வேறொன்றையும் அந்த மனுஷன் பாய்க்குக் காட்டியதில்லை.

சாயா நேரத்தில் பாய் கிடங்கில் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து தமிழில் கதை எழுதுவார். தும்மல் பாதி, எழுத்து பாதி. பக்கத்து மேஜைக்காரனான நான் காவல். பிள்ளைகள் படித்ததெல்லாம் மலையாளம். ஆகவே வீட்டில் அவருக்கு ஒரே ரசிகை மனைவி சுல்ஃபத் அக்காதான். ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் பாய் வாசிப்பார். அக்கா மீன் அரிந்தபடி கேட்பார். கதை பிடித்துவிட்டால் கை நின்றுவிடும்.

வருஷம் ஆக ஆகக் கதைகள் சுருங்கின. ஆபீஸ் கை வீட்டிலும் வெட்டத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன்.

"இது எந்தா, கதையா தந்தியா? அந்தப் பொண்ணு எதுக்கு அழுதா?" என்றார் அக்கா.

"அதை வெட்டிட்டேன்."

"எனக்கு அதுதான் வேணும். ஒண்ணும் வெட்டாம எனக்கு ஒரு கதை எழுதுங்க."

"ரிட்டயர் ஆகட்டும்."

எண்பத்து மூன்றில் மஞ்சள்காமாலை அக்காவைக் கொண்டுபோனது. பாய் ரிட்டயர் ஆகியிருக்கவில்லை.

அதன்பிறகு அந்தக் கதையை எழுதினார். அக்கா மீன்காரனிடம் மலையாளத்தில் பேரம் பேசியது, கோபம் வந்தால் தமிழுக்குத் தாவியது, மீன் அரியும் கை நின்றது, எல்லாம் அதில் இருந்தன. படித்துவிட்டு அழுதேன். நான்தான் வற்புறுத்தி மெட்ராஸ் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப வைத்தேன்.

பதில் கார்டு வந்தது. "கதை அருமை. பாதியாகக் குறைத்தால் வெளியிடலாம்."

குறைப்பது பாய்க்குக் கைவந்த கலை. பேரம் பேசுகிற இடத்தில் பேனாவை வைத்தார், எடுத்தார். திட்டுகிற இடத்தில் வைத்தார், எடுத்தார்.

"இதுல எதை வெட்டுறது, வைத்தி? எல்லாம் அவதானே?"

"அச்சுல வருமே, பாய்."

"அவ வெட்டக் கூடாதுன்னு சொல்லிட்டா."

கதை அச்சாகவில்லை. அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிப்போய் அடுக்களையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் முழுவதையும் வாசித்தார். முடித்ததும் அரிவாள்மனை கிடந்த மூலையைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு, பாய்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அவர் காத்திருந்தது என் குரலுக்கு அல்ல.