கட்டு பிரிக்கையில் கண்ணில் ஒரு பெட்டி

‘டக்’ என்று எங்காவது சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டால் போதும், வலது முட்டிக்குப் பின்னால் தோல் இன்றும் சுருங்கிக்கொள்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஏழு வயது. காலில் சுடுகஞ்சி கொட்டி வெந்துபோயிருந்தது. கட்டு மாற்ற விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அம்மா பஸ்ஸில் கூட்டிப்போவாள். ஒழுங்காகக் கட்டு மாற்றாவிட்டால் தோல் இழுத்துக்கொள்ளும், கால் நீளாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானோ துணியைத் தொட்டாலே நர்ஸின் கையைப் பிறாண்டிவிடுவேன்.

ஒருநாள் அந்த நர்ஸ் சிவப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணில் வைத்து ஓரத்து விசையை அழுத்தினால், டக், படம் மாறும். வெறும் படமல்ல, உள்ளே இறங்கி நடக்கலாம் போல அப்படியோர் ஆழம்.

அம்மா நம்பவில்லை. “காலுக்குத்தான் வந்தோம் சிஸ்டர். கண்ணையும் கெடுத்துட்டுப் போவவா?”

“நீங்களே பாருங்கம்மா.”

பார்த்தாள். டக். டக். “மீனு மூஞ்சியில வந்து இடிக்கி” என்று முனகிக்கொண்டே என்னிடம் தந்தாள்.

எனக்கும் உள்ளூர ஓர் உறுத்தல். இத்தனை நாள் இல்லாத பிரியம் இன்றைக்கு எதற்கு?

“ஜன்னல் பக்கம் திரும்பு பிள்ளே, வெளிச்சத்துலதான் தெரியும். ரெண்டு கையாலயும் பிடி.”

கடலடி. நீலம். மஞ்சள் மீன்கள். டக். பவளம். டக். காலில் தீ. பெட்டியை இறக்கினால், கட்டு பாதி உரிந்து தொங்குகிறது.

திரும்பும் பஸ்ஸில், வயல்கள் பின்னால் ஓட ஓட, எல்லாம் விளங்கியது. முகம் ஜன்னலுக்கு. கைகள் பெட்டிக்கு. கயிறில்லாமல் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை பெட்டியைத் தள்ளிவிட்டேன். “ஏமாத்துதீய.”

நர்ஸ் மறுக்கவில்லை. “ஆமா, ஏமாத்துதேன். சொல்லிட்டு இழுத்தா பிறாண்டாம இருப்பியா?”

யோசித்தேன். பெட்டியை வாங்கினேன், மூக்கோரம் ஓர் இடுக்கு விட்டுத்தான் கண்ணில் வைத்தேன். அவர் “இப்போ” என்று சொல்லிவிட்டுத் துணியை இழுப்பார். நான் டக்கென்று அழுத்துவேன். வலித்தது. வலிக்கும் நேரம் தெரிந்திருந்தது. மீன்களையும் பார்த்தேன்.

கடைசி நாள் கால் நேராக நீண்டது. பெட்டி மேசைக்குத் திரும்பியது. அடுத்த கட்டிலில் ஒரு சின்னப் பையன் அதையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“அவனுக்கும் சொல்லிட்டுத்தான் இழுப்பியளா?” என்றேன்.

“ஏட்டி, வாயாடாம வா” என்று அம்மா கையைப் பிடித்தாள்.

நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அவனும் கேட்டா சொல்லுதேன்.”