குழாய்க்குள் தனசிங்

முடிச்சூரில் வெள்ளம் வந்த வருடம் தனசிங் தன் அடுக்குமாடியின் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கரண்ட் போய்க் கும்மிருட்டு. கணுக்காலை நனைத்த தண்ணீர் மெல்ல முழங்காலுக்கு ஏறியது. அக்கம்பக்கத்தார் கடப்பாரையால் கதவை நெம்பி வெளியே இழுத்தபோது அவருக்குக் கத்தக்கூடக் குரல் இல்லை.

அதன்பிறகு மூடிய இடம் என்றாலே ஆகாது. வங்கி மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டார். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

போன வருடம் இடது காது மந்தமானது. நடையிலும் தள்ளாட்டம். காது நரம்பில் கட்டி இருக்கலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். தனசிங்குக்கு மூச்சுக் கோளாறு உண்டு. அதனால் அவர் பயத்துக்காக மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுக்க டாக்டர் தயங்கினார்.

தனியாகத்தான் போனார். முகத்தின் மேல் கூண்டு போல ஒன்றை மாட்டி, படுக்கை மிஷினின் குழாய்க்குள் நகர்ந்ததுமே, முடியாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி வெளியே வந்துவிட்டார். மனைவி பியூலாவிடம் மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவைத்தார். அந்தப் பொய்யிலேயே வாரங்கள் ஓடின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது, சேலையூரில் சாலையைக் கடந்தார்கள். இடப்பக்கம் வந்த பஸ்ஸின் ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. பியூலா சட்டையைப் பிடித்து இழுத்தாள். பஸ் உரசிக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னார். அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தார்.

"பயம் இருந்தா இருக்கட்டுங்க. பயத்தோடயே போலாம். நானும் உள்ள வர்றேன்" என்றாள்.

மறுநாளே போனார்கள். பியூலா செயினையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டு அவர் காலடியில் நின்றாள். குழாய் அவரை விழுங்கியது. பம்பு செட்டும் சம்மட்டியும் சேர்ந்தாற்போல மிஷின் இடித்தது. கணுக்காலில் சில்லென்று ஏதோ பட்டது. தண்ணீர்! பந்தின் மேல் விரல்கள் இறுகின. அப்புறம்தான் புரிந்தது: பியூலாவின் கை. ஏ.சி.யில் விறைத்துப்போன கை.

ஹெட்போனில் டெக்னீஷியன் நிகிலின் குரல் வந்தது. "சார், மெயின் ஸ்கேன் இனிமேதான். அசையாதீங்க. முடியலைன்னா அமுக்குங்க, தப்பில்ல."

கண்ணை மூடி, வேலைக்குப் போன நாட்களின் ரயில் ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொன்னார். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம்... கிண்டி வருவதற்குள் மூச்சு முட்டியது. பந்து உள்ளங்கையில் வியர்த்து வழுக்கியது. அமுக்கினால் வெளிச்சம், காற்று எல்லாம் உடனே கிடைக்கும். அமுக்கவில்லை. மறுபடி தாம்பரத்திலிருந்து தொடங்கினார்.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பியூலா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கட்டிதான், புற்று இல்லை. ஆபரேஷனில் இடது காது முழுக்கப் போயிற்று, உயிருக்கு ஆபத்து நீங்கியது. கட்டி திரும்ப வளர்கிறதா என்று பார்க்க, வருடந்தோறும் அதே குழாய்க்குள் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தேதி நெருங்க நெருங்க தனசிங்குக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆனாலும் தேதியை மாற்றச் சொல்லி அவர் போன் செய்யவில்லை.