புதுக் கயிறு

காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. பெங்களூரு பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் வேலை நேரத்தில் கைப்பேசி வைத்துக்கொள்ளக் கூடாது. சூப்பர்வைசரே வந்து ஷோபாவின் தையல் மெஷினை நிறுத்தி, அவளை வெளியே அழைத்துப் போனார். அவள் கணவன் கவியரசன் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்துவிட்டான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினோரு வருஷம் கிளை வெட்ட மரம் ஏறியவன். இடுப்பில் பழைய நைலான் கயிறு, கையில் அரிவாள், காலில் ஒன்றுமில்லை. காண்ட்ராக்டர் பத்ரிநாத் ஒரு ஹெல்மெட்கூட வாங்கித் தந்ததில்லை. கேட்டால், "நீ கொரங்குப்பா, உனக்கெதுக்கு பெல்ட்டு?" என்று சிரிப்பார். கூடச் சேர்ந்து கவியரசனும் சிரித்தான் என்பதை நினைத்தால்தான் ஷோபாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருஷம் மரப் பராமரிப்புப் பயிற்சி ஒன்றில் இடம் கிடைத்தது. முடித்தால் சான்றிதழ், சொந்தமாகவே வேலை எடுக்கலாம். வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலோடு ஞாயிற்றுக்கிழமை இருவரும் எஸ்.பி. ரோடு கடைத்தெருவுக்குப் போனார்கள். ஹெல்மெட், தொடையோடு சேர்த்து மாட்டும் பெல்ட், மடக்கு ரம்பம், கயிறு. கடையிலேயே பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "எப்படிடி இருக்கேன்?" என்றான்.

"தூளில போட்ட கொழந்த மாதிரி."

கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

வெட்டி வாங்கிய கயிற்றின் இரு முனைகளையும் நெருப்பில் சுட்டு உருக்கவேண்டும், இல்லையென்றால் இழை பிரியும்; பயிற்சியாளர் சோதித்த பிறகே எதையும் மாட்டி ஏறலாம் என்று பட்டியலின் அடியில் போட்டிருந்தது. ஷோபா தன் பங்குக்கு, "வெள்ளிக்கிழம பூஜ போட்டுட்டு எடு" என்றாள். வியாழன் காலை அவன் அடுப்பில் கயிற்றைச் சுட்டுக்கொண்டிருந்தபோது பத்ரிநாத்தின் போன். கிளை இன்னும் வெட்டவில்லையென்று அபார்ட்மெண்ட்காரர்கள் கத்துகிறார்களாம், உடனே வரவேண்டுமாம். பழைய கயிற்றோடு ஓடினான்.

காரியம் முடிந்த மறுநாள் பத்ரிநாத் ஒரு காகிதத்தோடு வந்தார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. கையெழுத்து போட்டுடு."

படித்தாள். பாதுகாப்புச் சாதனங்கள் சொந்தமாக வைத்திருந்தும் அணியாமல் ஏறியது இறந்தவரின் கவனக்குறைவே என்றிருந்தது.

"வாங்கினது, வெள்ளிக்கிழம பூஜன்னு வெச்சிருந்தது எல்லாம் அவனே போன்ல சொன்னானேம்மா. பூஜ அலமாரில வெச்சிட்டா மரத்துல யாரு காப்பாத்துவா?"

குத்த வேண்டிய இடத்தில் சரியாகக் குத்தினார். வெள்ளிக்கிழமை என்று சொன்னவள் அவள்தானே. அன்றிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுகிறாள். ஆனால் பதினோரு வருஷம் ஒன்றும் தராதவர், அவன் படிக்கப் போக வாங்கியதைக் காட்டியா அவனைக் குற்றவாளியாக்குவது?

கயிற்றை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள்.

"இதப் பாருங்கண்ணா. இது இன்னும் ரெடியே ஆகல. சுட்டுக்கிட்டு இருந்தவர பாதில கூப்பிட்டது நீங்க. நீங்க குடுத்த பெல்ட்டு எங்க? அத மொதல்ல இதுல எழுதுங்க. அப்புறம் போடறேன் கையெழுத்து."

பத்ரிநாத் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கயிறு அங்கேயே கிடக்கிறது. ஒரு முனை உருகிக் கருகிக் கெட்டியாக இருக்கிறது. மறுமுனை இன்னும் சுடப்படவில்லை.