சிவப்பு ரப்பர் ஒன்றுதான்

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுவது என் வேலை. ஐஸ்பெட்டிகளைச் சுத்தம் செய்வதும் நான்தான். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் வந்து போகிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி.

அங்கே ஆராய்ச்சி செய்யும் பிள்ளை ஒருத்தி. சூலியா தெருவில் அவள் அத்தாவுக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை. வெள்ளிக்கிழமைகளில் எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டு வருவாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டேன். பொட்டலத்தில் மாட்டியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிக் காட்டினாள்.

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் புரதம் இருக்கு அக்கா. அதுங்கதான் வேலைக்காரங்க. கெட்டுப்போன புரதத்து மேல இந்த ரப்பர் மாதிரி சின்ன அடையாளம் ஒண்ணு வந்து ஒட்டும். அதுவும் புரதம்தான். நாலு, சங்கிலி மாதிரி சேர்ந்துட்டா, நேரா அரைக்கிற மெஷினுக்குத்தான்.”

“ஒண்ணே ஒண்ணு ஒட்டினா?”

“பெரும்பாலும் அரைக்காது. இடத்த மாத்தும், இல்ல வேலைய மாத்தும்.”

“அடையாளமும் சேர்ந்து அரையுமா?”

“இல்ல. அதக் கழட்டிருவாங்க. மறுபடி வேற ஒண்ணுல ஒட்டும்.”

“எங்க வீட்டு பிளாஸ்டிக் பை மாதிரி லா.”

சாதம் சிந்தச் சிரித்தாள்.

மறுவாரம் ஐஸ்பெட்டி சுத்தம் செய்யும் நாள். சிவப்பு ரப்பர் போட்டதெல்லாம் குப்பைக்கு. அது ஆய்வுக்கூடத்துச் சட்டம். அன்று அதற்குள் இருந்த அவள் குப்பிப் பெட்டியிலும் சிவப்பு ரப்பர். உள்ளே ஆறு மாத வேலை. அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

வீசத்தான் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு ரப்பரை எண்ணினேன். ஒன்றுதான். பக்கத்து ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன்.

மத்தியானம் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவர்கள் கடையில் சிவப்பு ரப்பர் என்றால், சொல்லி வைத்த ஆள் வந்து எடுப்பார், வேறு யாரும் தொடக் கூடாது என்று அர்த்தமாம். கைப்பழக்கத்தில் இங்கேயும் போட்டுவிட்டாள். கடையில் பொட்டலம் கட்டும்போதுதான் நினைவு வந்ததாம்.

“அக்கா, என் பெட்டிய வீசிட்டீங்களா?”

“ஒரு ரப்பர்தானே இருந்துச்சு. இடத்த மாத்தினேன். நீதானே சொன்ன.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடுத்த வாரம் உங்க பொட்டலத்துல ரெண்டு துண்டு கோழி அக்கா.”

“கோழி வரட்டும். ரப்பர் மட்டும் பச்சையா போடு.”

இப்போது சட்டம் மாறிவிட்டது. குப்பைக்கு நாலு ரப்பர் போட வேண்டும். வீசும் முன் நான் நாலையும் கழற்றி டப்பாவில் போட்டு வைக்கிறேன். புது ரப்பர் வாங்கி வெகு நாளாயிற்று.