ஒரே கடைக்குள் போய்வந்த ஃபெக்ஸ்

1. நான்கு துண்டுச் சான்றிதழ்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், யட்டவத்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழை நான்கு துண்டுகளாக மேசையில் வைத்தார். யாரும் கிழித்ததல்ல. அலுவலகம் அலுவலகமாக விரித்துக் காட்டி, திரும்ப மடித்து, மடிப்புகள் தாமாகவே விட்டுப் போயிருந்தன. நான் அவற்றை ஸ்கேன் செய்து, கொம்பியூட்டரில் ஒட்டிச் சேர்த்து, ஓர் எழுத்தும் கெடாமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவரும் சந்தோஷமாகப் போனார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். அலுவலகத்தில் எடுக்கவில்லையாம். தாள் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம், சந்தேகமாக இருக்கிறதாம். அந்த நான்கு துண்டுகளையும் பசைத் தாள் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். துண்டுகளில் ஒன்று தலைகீழாக ஒட்டியிருந்ததை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். யாரும் அதை வாசிக்கவில்லை.

நான் வேலை செய்தது மாத்தளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொம்யூனிகேஷன் கடையில். தொலைபேசி, போட்டோக் கொப்பி, ஃபெக்ஸ், ஈமெயில், விண்ணப்பம் நிரப்புதல், எல்லாம் உண்டு. முதலாளி நிஸார் நானா. இரண்டு தொலைபேசி லைன், இரண்டு ஃபெக்ஸ் மெஷின். பழையது மேசையின் ஒரு முனையில், புதியது மறுமுனையில். இரண்டாவது லைனில் யாராவது ஃபெக்ஸ் அனுப்பினால் இன்டர்நெட் அறுந்துபோகும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆளும் நானே. அப்பாவும் அம்மாவும் சம்பளத்துக்குப் பெருவிரல் வைத்தவர்கள். இதைப் பணிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது, பழகவும் விருப்பமில்லை. வாசிக்கத் தெரியாதவர்களை அலைய வைத்த மேசைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். அந்த மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்களும் வாசிப்பதில்லை என்பதை இந்தக் கடைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

2. ரீட்டா அக்கா

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். எங்கள் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் இருந்த ரீட்டா அக்கா ஒரு வியாழக்கிழமை காலையில் கடைக்கு வந்தார். மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

"எங்க வீட்டுக்காரர புடிச்சிட்டாங்க தங்கச்சி" என்றார்.

அவர் கணவர் அந்தோனி அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. அடையாள அட்டை தொலைந்து, புதியதற்கு மனுப் போட்டுக் காத்திருந்தார். முதல் நாள் இரவு பொலிஸ் சுற்றிவளைப்பில் மாட்டிக்கொண்டார். பொலிஸில் ஒன்றும் அடிதடி இல்லையாம், ஆனால் ஊரில் உள்ள அரசாங்க அலுவலகத்திலிருந்து இவர் இன்னார்தான் என்று ஒரு உறுதிக் கடிதம் வரவேண்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். வேறு இடம் என்றால் என்னவென்று அக்கா சொல்லவில்லை. அந்த நாட்களில் யாரும் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அரசாங்க அலுவலகத்துக்குப் போனால், தோட்டத்து ஆளுக்குக் கடிதம் கொடுக்க முதலில் தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். துரை நுவரெலியாவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். துரை மோசமான மனிதரல்ல. தோட்டத்தின் பெயர் அச்சிட்ட தாள் அவர் பெட்டியில் இருந்திருக்கிறது. அன்று மாலையே எழுதி, கையெழுத்துப் போட்டு, தங்கியிருந்த ஹோட்டலில் ஸ்கேன் செய்து எங்கள் கடை ஈமெயிலுக்கு அனுப்பிவிட்டார். பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். பெயர், பிரிவு, பதிவு இலக்கம், கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. வேலை முடிந்தது என்று அக்காவிடம் சொன்னேன்.

3. முத்திரை இல்லாத தாள்

வெள்ளிக்கிழமை காலை அக்காவுடன் நானும் போனேன். அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம், எங்கள் கடையிலிருந்து பார்த்தால் அதன் வாசல் கேற் தெரியும். இந்த விஷயத்துக்குப் பொறுப்பான கிளாக்கர் தாளை வாங்கினார். விரலை நாக்கில் நனைத்து, கையெழுத்தின் மேல் தேய்த்தார். மை பரவவில்லை. எங்கள் லேசர் பிரிண்டர் அன்று நன்றாகத்தான் வேலை செய்திருந்தது.

"இது கொப்பி" என்றார்.

ஈமெயிலில் வந்தது, துரை நேற்று நுவரெலியாவிலிருந்து அனுப்பினார், அவர் முகவரியும் நேரமும் கீழே இருக்கிறது, வேண்டுமானால் கடைக்கு வந்து கொம்பியூட்டரிலேயே பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, ஈமெயில்னா யாரும் வீட்ல இருந்து அடிக்கலாம். ஃபெக்ஸ்னா எடுப்போம். ஃபெக்ஸ்ல மேல ஒரு கோடு விழும், அதுல நம்பர் இருக்கும், திகதி இருக்கும். அதுக்கு முத்திரையும் இருக்கு."

மேசையில் இருந்த மூன்று ரப்பர் முத்திரைகளையும் எனக்குக் காட்டினார். தபாலில் பெறப்பட்டது, நேரில் கையளிக்கப்பட்டது, ஃபெக்ஸில் பெறப்பட்டது. ஈமெயிலுக்கு முத்திரை செய்து வரவில்லை. அந்தோனி அண்ணன் உள்ளே இருந்ததும் அதனால்தான்.

"அப்ப உங்க ஆபீஸ் ஃபெக்ஸுக்கே அனுப்பச் சொல்லவா சேர்?"

"மெஷின் இருக்கு. பேப்பர் ரோல் இல்ல. ஓடர் போட்டிருக்கு. வெளிய ஏதாவது கடையில எடுத்துட்டு வாங்க, எல்லாரும் அப்பிடித்தானே செய்றாங்க."

கடைக்கு ஓடிவந்து துரைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஹோட்டலை விட்டுப் புறப்பட்டுவிட்டார் என்றார்கள். அவர் கைத்தொலைபேசி மலைப் பாதையில் எங்கோ சிக்னல் இல்லாமல் கிடந்தது. அக்கா கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்பகல் போய்க்கொண்டிருந்தது.

நிஸார் நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மகள், அந்தக் கலர் பிரிண்டர்ல நீல மையில அடிங்க. ஈரம் பட்டா பரவும். ஒரிஜினல்னு செல்லிக் குடுங்க. அவரு நாக்கால பாக்கிற ஆளுதானே."

பரவியிருக்கும். எடுத்தும் இருப்பார். ஆனால் துரை நுவரெலியாவில் இருப்பதாக அந்தக் கிளாக்கரிடம் என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அதற்குள் மை எப்படி வந்தது என்று மேலே இருக்கும் ஒருவர் கேட்டால், அந்தக் காலத்தில் தமிழ்ப் பெண்கள் இருவர் போலிக் கடிதம் கொடுத்தார்கள் என்று ஆகியிருக்கும். அண்ணனை வெளியே எடுக்கப் போய் நாங்களும் உள்ளே போயிருப்போம். அதைவிட, உண்மையான கையெழுத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பொய்யான ஒன்றை நான் ஏன் செய்ய வேண்டும்? அந்த ஆளுக்கு அவ்வளவு மரியாதை தர எனக்கு மனமில்லை.

"வெளிய ஏதாவது கடையில" என்று அவர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நாங்களும் வெளியே உள்ள ஒரு கடைதானே.

ஈமெயில் பிரிண்டைப் பழைய மெஷினில் வைத்தேன். எங்கள் இரண்டாவது லைனின் நம்பரை அழுத்தினேன். மேசையின் மறுமுனையில் இருந்த புதிய மெஷின் மணி அடித்தது. இரண்டு மெஷினுக்கும் நடுவில் நின்ற ரீட்டா அக்கா திடுக்கிட்டார்.

"யாரு தங்கச்சி கூப்பிடுறது?"

"நாமதான் அக்கா."

பழைய மெஷின் தாளை இழுத்தது, புதிய மெஷின் தாளைத் தள்ளியது. நிஸார் நானா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து, பள்ளிவாசலில் இருப்பவர் போல வாயைப் பொத்திக்கொண்டார். வந்த தாள் முந்தியதைவிட மங்கல். துரையின் கையெழுத்தில் பாதி புள்ளி புள்ளியாகப் போயிருந்தது. ஆனால் மேலே அந்தக் கோடு விழுந்திருந்தது. திகதி, நேரம், எங்கள் கடைப் பெயர், எங்கள் கடை நம்பர். பெயரை மாற்றி தோட்டத்தின் பெயரைப் போடவும் எனக்குத் தெரியும். மெஷினில் நாலு பொத்தான் வேலை. நான் தொடவில்லை. வாசிக்கும் ஆளாக இருந்தால் வாசிக்கட்டும் என்று விட்டேன்.

4. சிவப்புப் பேனா

கிளாக்கர் தாளை வாங்கினார். அடிமட்டம் வைத்து, மேலே இருந்த நம்பரின் கீழ் சிவப்புப் பேனாவால் கோடிட்டார். அவருடைய ஜன்னலில் இருந்து பார்த்தால் எங்கள் கடைப் போர்ட் தெரியும், அதே நம்பர் அதில் ஓர் அடி உயரத்தில் எழுதியிருக்கும். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. முத்திரையைக் குத்தினார்.

"இப்பிடிக் கொண்டாந்தா ஒங்களுக்கும் கரச்சல் இல்ல, எங்களுக்கும் கரச்சல் இல்ல" என்றார்.

பிறகு உறுதிக் கடிதத்தைத் தட்டச்சு மெஷினில் அடித்தார்கள். பக்கத்திலேயே கொம்பியூட்டர் ஒன்று பூப்போட்ட துணி போர்த்தி இருந்தது. தூசி படாமல் பார்த்துக்கொள்கிறார்களாம். கையெழுத்துப் போட வேண்டிய பெரியவர் பகல் சாப்பாட்டுக்குப் போய் ஆற அமர வந்தார். கடிதம் கைக்கு வந்ததும் கடைக்கு ஓடி, கொழும்புப் பொலிஸ் நிலையத்துக்கு ஃபெக்ஸ் பண்ணினேன். இந்த முறை உண்மையிலேயே ஊர் தாண்டிப் போன ஃபெக்ஸ். கிடைத்ததா என்று தொலைபேசியில் கேட்டபோது, கிடைத்தது, பார்க்கிறோம் என்றார்கள்.

அக்கா வாங்கை விட்டு அசையவில்லை. நானா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார், அது ஆறிப் பாலாடை கட்டியது. கடைசி உக்குவளை பஸ் போன பிறகு கடைத் தொலைபேசி அடித்தது. அந்தோனி அண்ணன். வெளியே விட்டுவிட்டார்கள், தெரு முனைக் கடையிலிருந்து பேசுகிறார். அக்கா ரிசீவரை வாங்கி இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

5. கோடு எங்கே?

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து கிளாக்கர் எங்கள் கடைக்கு ஆள் அனுப்பத் தொடங்கினார். "அந்தக் கடையில போய்க் கோடு போட்டுக்கிட்டு வாங்க" என்று சொல்லி விடுவாராம். நான் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஃபெக்ஸ் அனுப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது லைன் எந்நேரமும் பிஸி, இன்டர்நெட் வேலைக்கு வந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். கலேவெலயிலிருந்து கூட ஒரு விவசாயி வந்து நின்றார். யாருக்கு எதற்காக அனுப்புகிறோம் என்று அவருக்கும் தெரியாது.

பிறகு ஒரு நாள் அந்தோனி அண்ணனே வந்தார். அடையாள அட்டை மனு எங்கோ தொலைந்துபோனதால் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். லீவு எடுத்து வந்திருந்தார். இரண்டு நாளில் போகாவிட்டால் கொழும்புச் சாப்பாட்டுக் கடையில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். கையில் இருந்த விண்ணப்பப் பாரத்தைக் காட்டினார்.

"தொரை என் முன்னாலதான் கையெழுத்து வச்சாரு தங்கச்சி. மை காயக்கூட இல்ல. கிளாக்கர் ஃபெக்ஸ்ல வந்ததக் கொண்டாங்கங்கிறாரு."

அண்ணன் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். கூடவே போனேன். அவர் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை.

"தோட்டத்துக் கையெழுத்துக்கெல்லாம் இப்ப ஃபெக்ஸ்தான் எடுக்கிறோம்" என்றார் கிளாக்கர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "ஃபைல்ல எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும் இல்லையா?"

"சேர், இது ஒரிஜினல்."

"அது தெரியுதே. அதத்தான் ஃபெக்ஸ் பண்ணிக் கொண்டாங்கங்கிறேன்."

அண்ணன் பாரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பிவிட்டார். பொலிஸில் அகப்பட்டு மீண்டு வந்தவர், மேசைக்கு முன்னால் நின்று பேசும் தைரியம் அவரிடம் மிச்சமில்லை. கடைக்குப் போய்க் கோடு போட்டுக் கொடுப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் நான் உண்டாக்கிய கோடு இப்போது அசல் மையையே வெளியே நிறுத்துகிறது. அண்ணன் கையிலிருந்து பாரத்தை வாங்கி, திரும்பவும் கிளாக்கரின் மேசையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்தேன்.

"சரி சேர். மை போட்ட ஒரிஜினல் கையெழுத்த இந்த ஆபீஸ்ல எடுக்கமாட்டோம்னு இதுல ஒரு வரி எழுதி, கையெழுத்தும் திகதியும் போட்டுக் குடுங்க. அண்ணன் வச்சிருக்கட்டும்."

அவர் தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். பக்கத்து மேசையில் இருந்தவர் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

"இதுக்கெல்லாம் எதுக்குத் தங்கச்சி எழுத்து" என்றார் கிளாக்கர். நேரில் கையளிக்கப்பட்டது என்ற முத்திரையைத் தேடி எடுத்து, பாரத்தில் குத்தி, உள்ளே வைத்துக்கொண்டார். அண்ணன் மறுநாள் காலை கொழும்பு பஸ் ஏறினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஃபெக்ஸையோ ஸ்கேனையோ வைத்து ஓர் ஆளைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள், ஆனால் ஒரு முறைக்கு மேல் அந்த வழியில் போகாதீர்கள். அடுத்த முறை ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு நேராக மேசைக்குப் போங்கள். எடுக்கமாட்டேன் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். எத்தனையோ மேசைகளில் கேட்டுவிட்டேன். மற்றவர்களின் கையெழுத்துக்கு விரலை நனைத்துப் பார்க்கும் இவர்களில் ஒருவர்கூட இன்றுவரை தன் கையெழுத்தைப் போட்டுத் தரவில்லை.