எங்கள் ஊரில் துப்பாக்கியே கிடையாது

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய துப்பாக்கி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் லைசென்ஸ் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல் அது. வந்த புதிதில் அவர் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற அழகைப் பார்த்து, “எனக்குத் தலைவலின்னா தைலம் தேச்சி வுட்டிருக்கீங்களா ஒரு நாளு?” என்று சண்டை பிடித்திருக்கிறேன். மனுஷன் சிரித்தபடி துடைத்துக்கொண்டே இருப்பார்.

கோபப்பட்டாலும் எங்களுக்குச் சோறு போடுவது அதுதான் என்று எனக்குத் தெரியும். பொன்னேரியில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவல் வேலை அவருக்கு. எங்கள் ஊர் ஏரிக்கு நடுவில் இருக்கிறது. காலையில் முதல் படகு பிடித்துப் பழவேற்காடு போய், அங்கிருந்து பஸ் ஏறுவார். நான் அடுத்த படகில் நண்டுக் கூடையோடு போய் மார்க்கெட்டில் உட்காருவேன். இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தேர்தல் வந்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். வங்கிக் காவலுக்கு விலக்கு உண்டாம். ஆனால் அந்த விலக்குக்கு ஒரு மனு போட வேண்டுமாம். போட்டார். அதற்குப் பதில் வருவதற்குள் தேர்தலே முடிந்து, ஜெயித்தவர்கள் வெடி வெடித்தும் ஆயிற்று. சரி, தொலையட்டும் என்று துப்பாக்கியைத் திருப்பி வாங்கப் போனால், “லைசென்ஸ் காலம் முடிஞ்சிபோச்சு, புதுப்பிச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

புதுப்பிக்க அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்துவிட்டு மற்றவர்கள் உயிரை எடுக்கிற ஆள் அவர். ஆனால் கலெக்டர் ஆபீசில் கையெழுத்தாக வேண்டுமென்றால், இந்த ஆள் இன்ன ஊரில் குடியிருக்கிறார், நல்லவர்தான் என்று எங்கள் ஸ்டேஷனிலிருந்து ரிப்போர்ட் போக வேண்டும். அதுதான் போகவில்லை.

போய்க் கேட்டால் ஒரு நாள் ரைட்டர் லீவு. ஒரு நாள் கோவில் திருவிழா பந்தோபஸ்து. ஒரு நாள் மந்திரி வருகிறார். ஒரு நாள் எல்லாரும் இருந்தார்கள், கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய், “யெஸ் சார்” சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். “கொஞ்சம் சத்தம் போட்டுக் கேளுங்களேன்!” என்று நான் கத்துவேன். “டிசிப்ளின், மே” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை இல்லாமல் வீட்டில் இருந்த நாட்களில் அவர் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. என் மசாலா டப்பாக்களை உயரவாரியாக நிறுத்தினார். மிளகாய்த்தூள் எங்கே என்று தேடித் தேடி எனக்குக் குழம்பு தீய்ந்தது. போதாக்குறைக்கு எனக்கு உதவி செய்கிறேன் என்று மார்க்கெட்டுக்கு வந்து, என் பின்னால் கையைக் கட்டி விறைப்பாக நின்றார். பேரம் பேச வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் அடுத்த கூடைக்கு நழுவிவிட்டார்கள். “ஐயா சாமி, வூட்டுக்குப் போயிடு” என்று கும்பிட்டு அனுப்பினேன்.

ஆனால் அந்த மாதம் அவரை வங்கி வேலைக்கு அனுப்பிய காவல் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் விஷயம் முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அன்று அவர் சாப்பிடவில்லை. “இந்த வயசுல இன்னொருத்தன் வேலை குடுப்பானா, மே?” என்று என்னைக் கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் நண்டுக் கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு அவரோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் “யெஸ் சார்” சொல்வதற்குள் நான் ரைட்டர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

“எத்தினி வாட்டி சார் வர்றது? ரிப்போர்ட் அனுப்பறதுக்கு இன்னா கஷ்டம் உங்களுக்கு?”

ரைட்டர் நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “நாங்க என்னம்மா பண்றது? உங்க ஊருக்கு மூணு வாட்டி ஆள் அனுப்பிட்டோம். அப்படி ஒருத்தரே இல்லைன்றாங்க.”

“யாரு சொன்னா?”

மூலையில் நின்றிருந்த ஒரு சின்ன வயதுப் போலீஸ்காரரைக் கைகாட்டினார். தெற்கத்திப் பிள்ளை. படகு என்றாலே பயமாம், பாவம். “முதல் தடவை போனப்ப, அவரு ஆந்திராவுக்குக் குடிபோயிட்டாருன்னு சொன்னாங்கக்கா. ரெண்டாவது தடவை ஒரு பெரியவர், அந்த ஆளு பட்டாளத்துக்குப் போனவரு திரும்பி வரவே இல்லைன்னு கண்ணைத் துடைச்சாரு. மூணாவது தடவை ஒரு அம்மா மோர் குடுத்து, ‘துப்பாக்கியா? எங்க ஊர்ல மீன் அரியற கத்தியே மொட்டை சார்’னு சொல்லிப் படகு ஏத்தி விட்டுட்டாங்க.”

“ஐயோ, துப்பாக்கி உங்க ரூம்லயே கீதே சார்! நீங்கதானே வாங்கிப் பூட்டி வச்சிருக்கீங்க!” என்று நான் கத்தினேன். ரைட்டர் உள் அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் காக்கிச் சட்டையைக் கண்டால் பால்குடி மறந்த பிள்ளைகூட ஒரே பதில்தான் சொல்லும்: தெரியாது சார், ஏரிக்குப் போயிருக்காரு. வலைத் தகராறு, எல்லைத் தகராறு என்று எந்தக் காலத்திலோ போலீஸ் வந்து ஆட்களைப் பிடித்துப் போனதிலிருந்து வந்த பழக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தேடி வந்தவன் என்ன விஷயமாக வந்தான் என்று கேட்பதும் இல்லை. முதலில் ஆளைக் காப்பாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்படித்தான் என் வீட்டுக்காரரையும் மூன்று முறை காப்பாற்றியிருக்கிறார்கள்.

ரைட்டர் சொன்னார். “நாளைக்குக் காலையில ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க. இவரு யாருன்னு சொல்லிக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம்னா இன்ஸ்பெக்டர் அம்மா வேற டூட்டியில போயிடுவாங்க, மாசக் கடைசி தாண்டிரும்.”

படகிலிருந்து இறங்கியதுமே நான் ஆரம்பித்துவிட்டேன். மோர் கொடுத்த மகராசி வேறு யாருமில்லை, என் ஓரகத்திதான். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. கரையில் எறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! போலீஸ் வந்துதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

“சொன்னா நீ பயப்படுவேன்னுதான் சொல்லல” என்றாள், முகமெல்லாம் பெருமையாக. “நான் சொன்ன பொய்யை அந்தப் புள்ளை அப்டியே நம்பிட்டான் தெரியுமா?”

“நம்பிட்டான்! நல்லா நம்பிட்டான்! அதான் எம்புருஷன் வேலை போவப்போவுது!”

விஷயத்தையும் நாளைக்கே சாட்சி வேண்டும் என்பதையும் கேட்டதும் அவள் கையிலிருந்த எறால் கீழே விழுந்தது. அடுத்த வீட்டுப் பெரியவர், அதான் கண்ணைத் துடைத்தவர், தலையில் அடித்துக்கொண்டார். “நான் நல்லதுன்னு நெனச்சி சாவடிச்சிட்டேனே!” என்று புலம்பினார். அவர் புலம்பிய விதத்தில் அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. திட்டிக்கொண்டே சிரித்தேன்.

இரண்டு சாட்சிதான் வேண்டும், இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். மறுநாள் எங்கள் தெருவுக்குப் பாடு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எறால் நன்றாகப் படுகிற இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. தெருவுக்கு ஒரு நாள், தெருவுக்குள் பேருக்குப் பேர் சீட்டு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தன் நாளைத் தவறவிட்டவன் அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதுவும் மழை விட்டு எறால் ஓடுகிற நேரம். அந்த நாளில் ஒரு ஆளை வலையிலிருந்து இழுப்பது பாவம்.

என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “யாரையும் கூப்டாத. அவுங்க பாடு. நமக்கே பாடு இல்ல, அடுத்தவன் பாட்டைக் கெடுக்க நாம யாரு?” சின்ன வயதிலேயே பட்டாளத்துக்குப் போய்விட்டதால் முறையில் தன் பேர் விட்டுப்போய்விட்டது என்பது அவர் மனதில் கிடந்த பெரிய குறை. ஊரில் இருந்தும் தான் ஊர்க்காரன் இல்லை என்று நினைத்துக்கொள்வார். நான் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

காலையில் நாங்கள் இருவர் மட்டும் போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். “சாட்சி எங்க?” என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து விறைப்பாக நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கள் தெருவே நிற்கிறது! முழங்கால் வரை சேறு, ஈரக் கைலி, இடுப்பில் செருகிய புடவை. முன்னால் என் ஓரகத்தி, அவளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் அண்ணன், கண்ணைத் துடைத்த பெரியவர், இன்னும் யார் யாரோ. பாரா போலீஸ்காரர் ஏதோ போராட்டம் என்று நினைத்து லத்தியைத் தேடினார்.

“மேடம், துப்பாக்கி கீது மேடம்!” என்று ஓரகத்தி உள்ளே நுழைந்தாள். “பெரிய துப்பாக்கி! ரெண்டு குழலு!”

“நானும் பாத்திருக்கேன்!”

“டெய்லி தொடைப்பாரு மேடம், நானே சாட்சி!”

இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டு கையையும் தூக்கினார். “இருங்க, இருங்க! அன்னைக்கு ஏன் இல்லைன்னீங்க?”

எல்லாரும் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். “நீங்க நல்லதுக்குக் கேக்கறீங்கன்னு எங்களுக்கு எப்டிம்மா தெரியும்?”

இன்ஸ்பெக்டர் அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். ரைட்டர் சிரித்தார். அந்தத் தெற்கத்திப் பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினான். சிரித்து முடித்த இன்ஸ்பெக்டர் அம்மா, “சரி, ஆள் எப்படி? தகராறு பண்ணுவாரா?” என்று கேட்டார்.

“தகராறு இன்னா மேடம், விடியறதுக்கு முன்னால எழுந்து உடற்பயிற்சி பண்றேன்னு மூச்சு வுட்டு எங்க தூக்கத்தைக் கெடுப்பாரு. அது ஒண்ணுதான்” என்றாள் ஓரகத்தி.

இரண்டு கையெழுத்துதான் வேண்டும் என்றார் ரைட்டர். யார் அந்த இரண்டு பேர் என்று அங்கேயே சண்டை வந்தது. கடைசியில் தாளின் பின்பக்கம் வரை எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கட்டைவிரல் வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா எங்கள் கண் முன்னாலேயே ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டு, இன்றைக்கே அனுப்புகிறேன் என்றார். கம்பெனிக்கும் அவரே போன் போட்டு, “கொஞ்ச நாள் பொறுங்க, உங்க ஆளுக்கு வந்திரும்” என்று சொன்னார். எனக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. கையில் நண்டு வாடை, அதனால் விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது படகில் ஒரே கும்மாளம். பெரியவரை எல்லாரும் “செத்தவரை எழுப்பினவரே” என்று கேலி செய்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் முகத்துவாரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எங்கள் தெருவின் வலை ஒன்றுகூட இல்லை. ஓதத் தண்ணீர் கடல் பக்கம் திரும்பி வெகுநேரம் ஆகியிருந்தது.

“என்னால உங்க பாடு போச்சேண்ணா” என்றார்.

அண்ணன் படகுக் கோலை ஊன்றியபடி திரும்பிப் பார்த்தார். அதிகம் பேசாத மனுஷர் அவர். “எங்க பாடு இன்னாடா போச்சு? நீ பட்டாளத்துக்குப் போனப்போ உம்பேரை எடுக்கக்கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல நம்ம நைனா கேட்டு வச்சாரு. இத்தினி வருஷமா உம்பேருக்கு வுழற சீட்டையும் சேத்து நான்தான் வலை கட்டிக்கினு கீறேன். இன்னைக்கி நம்ம வூட்டுக்கு வுழுந்தது உன் சீட்டுடா.”

“அப்போ வாரா வாரம் நீ குடுத்தனுப்பற எறாலு...” என்று நான் ஓரகத்தியிடம் இழுத்தேன். ஏதோ பெருமைக்குக் கொடுக்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே சமைத்தவள் நான்.

“உன் வூட்டுப் பங்குதான்” என்றாள் அவள். “பின்ன, சும்மாவா குடுப்பேன் உனக்கு?”

“ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாண்ணா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“நீ கேக்கவே இல்லியேடா” என்றார் அண்ணன். கோலை அவர் பக்கம் நீட்டினார். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடித்துவிட்டு, எழுந்து அதை வாங்கிக்கொண்டார்.