யாரும் வைக்காத பெயர்

ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவியையும் பிறந்த மகளையும் வீட்டுக்கு அழைத்துவந்த ஆட்டோக்காரர் அவர். தாடியில் மருதாணிச் சிவப்பு. சட்டையின் வலது தோள் தூறலில் நனைந்திருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் ஏற்றினார். பின்னால் வந்த கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தன.

“பேரு வெச்சாச்சா சார்?”

“இல்ல பாய். சித்திரை நட்சத்திரம். ‘ரி’யில வைக்கணும்னு ஜோசியர் சொன்னாரு.”

“ரிஹாம்னு வைங்க. அரபுப் பேரு. லேசான தூறல்னு அர்த்தம். இந்தப் பக்கம் யாருக்கும் இல்ல.”

மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

“எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க பாய்.”

“எங்க ஆளுங்களே ஒத்துக்கல சார். ஆயிஷா, பாத்திமான்னு தெரிஞ்ச பேராத்தான் வைக்கிறாங்க.”

“உங்க பொண்ணுக்கு வெச்சிருக்கலாமே?”

“அவளுக்குன்னு தேடி எடுத்ததுதான். ஏழாம் நாள் பேரு வைக்கிறது எங்க வழக்கம். நாலாம் நாளே மௌத்தாயிட்டா, அடக்கம் பண்ணிட்டோம். பேரு சும்மா கெடக்குது. யாராச்சும் எடுத்துக்கிட்டா, ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கலாம்.”

நாங்கள் இறங்கும்போது அவர் குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

மகளுக்கு ரித்திகா என்று வைத்தோம். அவள் வகுப்பில் இன்னும் சில ரித்திகாக்கள் இருப்பதால், டீச்சர் இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்.

இந்த ஊரில் தூறலுக்கு என்றும் குறைவில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டு நான் இதுவரை கேட்டதில்லை.